பெயரில் இருக்கின்றதா மருந்து?

அமாக்சிசிலின் என்னும் மருந்து நுழையாத வீடு இன்று நம் நாட்டில் அநேகமாக இல்லை. காதில் சீழ் வந்தாலும், தொண்டை புண்ணானாலும், பல் வீங்கினாலும், குழந்தைக்கு நிமோனியா கண்டாலும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் இந்த மருந்து ஏதாவது ஒரு வேஷத்தில் உட்கார்ந்திருக்கும். (சாதாரண ஜலதோஷத்துக்கும் இதையே வாங்கி விழுங்குகின்றவர்கள் அநேகர். அதற்கு இது தினையளவும் உபயோகப்படாது என்பது வேறு சங்கதி.) வேஷம் என்று நாம் சொல்லுவதற்குக் காரணம், சரக்கு ஒன்றேயானாலும் அதற்கு வைத்திருக்கும் கம்பெனிப் பெயர்கள் எண்ணி முடியாதவை என்பதேயாகும். இங்கிலாந்தில் பீச்சம் கம்பெனியார் கண்டுபிடித்து 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த மருந்தை, 1970ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டத்தின் பயனாக நம் நாட்டுக் கம்பெனிகளும் செய்யத் தொடங்கின. அந்தச் சட்டம் மருந்துக்குப் பேடண்ட் கொடுக்கவில்லை. மருந்தைச் செய்யும் முறைக்கு மாத்திரமே கொடுத்தது. ஆகவே வேறு முறையில் செய்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பெயர் சூட்டிக் கடைக்கு அனுப்பினார்கள்.

இதன் பலன் என்னவென்றால், மருந்துக் கடையில் தினந்தோறும் ஒரு தகராறு நடக்கின்றது. "அந்தப் பெயர் இல்லை, இந்தப் பெயர் இருக்கின்றது, இரண்டும் ஒன்றுதான்" என்று கடைக்காரர் சொன்னால், "டாக்டர் எழுதினதுதான் வேண்டும்" என்று சொல்லிக் காய்ச்சலுடன் கடை கடையாய் அலைகின்றவர்கள் ஒரு கூட்டம். "பெயர் என்ன பெயர், மலிவாய் இருப்பதைக் கொடு" என்று வாங்கிப் போகின்றவர்கள் மற்றொரு கூட்டம். முந்தின கூட்டம் பிந்தினதை அறிவீனர் என்கின்றது. பிந்தின கூட்டம் முந்தினதைப் பணத்திமிர் என்கின்றது. நாம் கேட்பதெல்லாம், இந்த இரண்டு கூட்டத்தாரில் யாராவது அந்தச் சரக்கைச் சோதித்துப் பார்த்ததுண்டா என்பதுதான். ஒருவர் பெயரை நம்புகின்றார், மற்றவர் விலையை நம்புகின்றார். நம்புகின்ற வேலையில் இரண்டு பேரும் ஒரே ஜாடையாய்த்தான் இருக்கின்றார்கள்.

சோதிக்க வழி இல்லையா என்றால், இந்த ஜாதி மருந்துகள் பிறந்தபோதே அந்த வழியும் கூடப் பிறந்துவிட்டது. 1928இல் லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் அலெக்சாண்டர் பிளெமிங் கிருமி வளர்த்த தட்டில் ஒரு பூஞ்சக்காளான் விழுந்து, அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதைக் கண்டார். அந்தக் காளானிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுக்க ஆக்ஸ்போர்டில் பிளோரியும் செயினும் பாடுபட்ட காலத்தில், எடுத்த சரக்கில் எவ்வளவு வீரியம் இருக்கின்றது என்று அளக்கத் தராசு எதுவும் இல்லை. அவர்களோடு வேலை செய்த நார்மன் ஹீட்லி என்பவர், கிருமி பூசிய தட்டின்மேல் சிறு குழல்களை நிறுத்தி அவற்றில் மருந்துத் தண்ணீரை விட்டு, சுற்றிலும் கிருமி முளைக்காத வட்டம் எவ்வளவு அகலம் விழுகின்றது என்று அளந்தார். அந்த வட்டத்தைக் கொண்டே பெனிசிலினுக்கு "ஆக்ஸ்போர்டு யூனிட்" என்ற அளவும் ஏற்பட்டது. ஆக, பெயரைக் கேட்காமல் வேலையைப் பார்த்து மதிப்பிடுவது இந்த மருந்துக்குப் பரம்பரை வழக்கம்.

இன்றும் அதேதான் நடக்கின்றது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்னும் பொருளைச் சத்துநீரில் காய்ச்சி, வட்டத் தட்டில் நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் கிருமியைச் சீராகப் பூசி, இடையிடையே குழி தோண்டியாவது காகித வில்லை வைத்தாவது ஒவ்வொரு கம்பெனி மருந்தையும் ஒரே அளவில் இடுவார்கள். உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் எடுத்துப் பார்த்தால், கிருமி படர்ந்து மங்கலாகியிருக்கும் தட்டில் மருந்து வேலை செய்த இடங்கள் மாத்திரம் தெளிந்த வட்டங்களாய்த் தெரியும். அளவுகோலை வைத்து அளக்க வேண்டியதுதான். கல்லூரிப் பிள்ளைகள்கூடச் செய்துவிடக் கூடிய காரியம் இது. அநேக கல்லூரிகளில் செய்தும் வருகின்றார்கள்.

நிற்க. கண்ணால் காண்பதாயிற்றே, இதில் என்ன ஏமாற்றம் வரப்போகின்றது என்று வாசகர்கள் நினைக்கலாம். கண்ணால் காண்பதையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஏனெனில், இந்த வட்டத்தைக் காட்டி நல்ல மருந்தைப் போலி என்றும், பாதி மருந்தை முழு மருந்து என்றும் ஒருவர் அறியாமலேயே சாதித்துவிடலாம்.

எப்படியெனில், முதலாவது கிருமி. 1966இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துச் சர்வகலாசாலையில் பாயர், கிர்பி முதலியோர் இந்தத் தட்டுச் சோதனைக்கு ஒரு ஒழுங்கு வகுத்தார்கள். அந்த ஒழுங்கு நோயாளியின் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பதற்கு ஏற்பட்டது. அங்கே மருந்து தெரிந்தது, கிருமி தெரியாதது. கம்பெனிகளை ஒப்பிடும்போது நிலைமை தலைகீழ். மருந்துதான் சந்தேகத்துக்குரியது, ஆகவே கிருமி தெரிந்ததாய் இருக்க வேண்டும். அதற்கென்றே குணம் நிச்சயிக்கப்பட்ட கிருமிகள் எண் போட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. அமெரிக்கச் சேமிப்பில் 25922 என்ற எண்ணுள்ள குடற்கிருமி அவற்றில் ஒன்று. நம் நாட்டில் சண்டிகாரில் ஒரு சேமிப்பு நிலையம் இருக்கின்றது. இதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் சீழிலிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் பூசி, பத்துக் கம்பெனி மருந்தும் வட்டமே போடவில்லை, ஆகவே பத்தும் போலி என்று சொன்னால் அது அநியாயமாகும். பெனிசிலின் ஜாதி மருந்தை அறுத்துப் போடும் ஒரு பொருளைச் சில கிருமிகள் தாமே செய்துகொள்கின்றன என்று ஆபிரகாமும் செயினும் 1940லேயே, அதாவது அந்த மருந்து கடைக்கு வருவதற்கு முன்னமேயே, எழுதிவிட்டார்கள். சீழ்க்கட்டிக் கிருமிகளில் பெரும்பாலானவை இன்று அந்த வித்தையைக் கற்றிருக்கின்றன. அப்படிப்பட்ட கிருமி முன்னால் சுத்தமான சரக்கும் தோற்கத்தான் செய்யும்.

இரண்டாவது, வட்டத்தின் கணக்கு. இதைத்தான் படித்தவர்களும் கவனிப்பதில்லை. மருந்து குழியிலிருந்து அகருக்குள் பரவப் பரவ நீர்த்துக்கொண்டே போகின்றது. ஆதலால் மருந்தை இரட்டித்தால் வட்டம் இரட்டிப்பதில்லை. சாதாரணமாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் கூடுகின்றது. ஒரு கம்பெனியின் 500 மில்லிகிராம் காப்சூலில் 500ம் இருந்து, வட்டம் 24 மில்லிமீட்டர் விழுகின்றது என்று வைத்துக்கொள்வோம். மற்றொரு கம்பெனிக்காரர் 250ஐப் போட்டு 500 என்று அச்சடித்திருந்தால், அவருடைய வட்டம் 12 மில்லிமீட்டராய் இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் 21ஓ 22ஓ விழும்! தட்டுக்குத் தட்டு, கைக்குக் கை ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் எப்படியும் வரும் என்கின்றபோது, பாதி மருந்தைத் திருடினவர் "கிட்டத்தட்டச் சமம்" என்ற நற்சாட்சிப் பத்திரத்தோடு வெளியே போய்விடுவார். இதற்கு மாறாக, 24க்கும் 25க்கும் உள்ள ஒரு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு "எங்கள் கம்பெனியே உயர்ந்தது" என்று மற்றொருவர் தம்பட்டம் அடிக்கவும் கூடும். ஆகையால் யோக்கியமான சோதனையில் சுத்தமான அமாக்சிசிலினை இரண்டு மூன்று அளவுகளில் கரைத்து, அதையும் பக்கத்திலேயே வைத்து, பல தட்டுகளில் திரும்பத் திரும்பச் செய்து, எந்த அளவு சுத்த மருந்தின் வட்டத்துக்கு இந்தக் காப்சூலின் வட்டம் ஒத்திருக்கின்றது என்று கணக்குப் போடுவார்கள். பார்மகோபியா என்னும் மருந்துச் சட்டநூல் சொல்லும் முறையும் இதுவேயாகும். ஒரே ஒரு வட்டத்தைப் படம் பிடித்துக் காட்டுகின்றவரிடம் மற்ற வட்டங்கள் எங்கே என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, தட்டு வேறு, வயிறு வேறு. தட்டில் இடும்போது காப்சூலைப் பிரித்து, மாத்திரையை இடித்து, கரைத்துத்தான் இடுகின்றோம். வயிற்றுக்குள் உட்கார்ந்து இடித்துக் கொடுக்க ஆள் இல்லை. கல்லைப் போல் இறுகிப்போன மாத்திரையும் இடித்துக் கரைத்தால் அழகான வட்டம் போடும். ஆனால் விழுங்கினால் கரையாமலே வெளியே போய்விடும்.

இது வெறும் யூகமல்ல. டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு காலத்தில் உயிர் மருந்தாய் இருந்த குளோராம்பெனிக்கால் விஷயத்தில் நடந்தே இருக்கின்றது. அமெரிக்காவில் பார்க் டேவிஸ் கம்பெனியாரின் ஏகபோக உரிமை 1966இல் முடிந்தவுடன் வேறு கம்பெனிகள் அதே மருந்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தன. சரக்கின் அளவு லேபிலில் கண்டபடியேதான் இருந்தது. ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்து இரத்தத்தை எடுத்துப் பார்த்ததில், புதுச் சரக்குகளில் சில பழைய சரக்கைவிட மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்ந்தன என்று 1968இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. காரணம், காப்சூலுக்குள் இருந்த தூள் மெதுவாய்க் கரைந்ததுதான். அமெரிக்கச் சர்க்கார் அந்தச் சரக்குகளைத் தடுக்க வேண்டியதாயிற்று.

பெயர் பக்தர்கள் இதைக் கேட்டவுடன், பார்த்தீர்களா, பழைய கம்பெனி பழைய கம்பெனிதான் என்று குதிக்கலாம். அவர்களை ஒன்று கேட்கின்றோம். பழைய சரக்கு உயர்ந்தது என்பது எதனால் தெரிந்தது? பெயரினாலா, இரத்தத்தை எடுத்துச் சோதித்ததினாலா? சோதனை அன்றைக்குப் பழைய கம்பெனிக்குச் சாதகமாய்ச் சொல்லிற்று. அதே சோதனை பிற்பாடு வேறு விதமாகவும் சொல்லிற்று. 1984இல் அமெரிக்காவில் ஏற்பட்ட சட்டத்தின்படி, பெயரில்லாத மருந்தும் பெயருள்ள மருந்தைப் போலவே இரத்தத்தில் சேருகின்றது என்று மெய்ப்பித்தால்தான் விற்க அனுமதி என்றாயிற்று. அப்படி 1996 முதல் 2007 வரை அங்கே அங்கீகாரம் பெற்ற மருந்துகளின் 2,070 சோதனைகளைக் கூட்டிப் பார்த்து 2009இல் வெளியிட்ட கணக்கில், இரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவில் இரண்டுக்கும் உள்ள சராசரி வித்தியாசம் 100க்கு 3½ தான். ஒரே மனிதன் ஒரே மருந்தை இரண்டு நாள் சாப்பிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் வரும்.

நம் நாட்டிலோ இப்படி இரத்தத்தில் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற விதி, அதுவும் எளிதில் கரையாத சில வகை மருந்துகளுக்கு மாத்திரம், 2017இல்தான் வந்தது. அதற்கு முன் அனுமதி வாங்கி இன்றும் விற்றுக்கொண்டிருக்கும் சரக்குகள் எத்தனையோ! ஆகவே, அமெரிக்கக் கணக்கைக் காட்டி இங்கேயும் எல்லாம் ஒன்றே என்று சாதிப்பதும் நியாயமல்ல.

இங்கே நிலைமை என்ன என்பதற்கு 2014 முதல் 2016 வரை இந்திய சர்க்கார் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. நாடு முழுவதிலிருந்தும் எடுத்த 47,000க்கு மேற்பட்ட மாதிரிகளில் தரம் குறைந்தவை 100க்கு 3.16. அடியோடு போலியானவை 10,000க்கு இரண்டு மூன்று. இதில் கவனிக்க வேண்டியது, கடைகளில் எடுத்ததில் தரம் குறைந்தது 100க்கு 3 ஆக இருக்க, சர்க்கார் ஆஸ்பத்திரி, கிடங்குகளில் எடுத்ததில் அது 100க்கு 10 ஆக இருந்ததுதான். ஏழைகள் தர்ம ஆஸ்பத்திரி மருந்து கேட்காது என்று சொல்லும்போது அதை அறியாமை என்று சிரிக்கின்ற பெரிய மனிதர்கள் இந்தக் கணக்கைச் சற்றுப் படித்துப் பார்ப்பார்களாக. ஏழை சொன்னது முழுவதும் சரியல்ல, பத்தில் ஒன்பது நல்ல மருந்துதான். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று யாருடைய குழந்தைக்குப் போயிற்று என்று யார் சொல்லக்கூடும்?

போலி இவ்வளவு கொஞ்சமும், தரக்குறைவு இவ்வளவு அதிகமுமாய் இருப்பதால், திருடனைவிட அஜாக்கிரதைக்காரன்தான் நமக்கு அதிகக் கெடுதல் செய்கின்றான் என்று ஏற்படுகின்றது. அமாக்சிசிலின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் பயந்த மருந்து. அதோடு சேர்த்துக் கொடுக்கும் கிளாவுலானிக் ஆசிட் அதைவிடப் பயந்தது. தொழிற்சாலையைவிட்டு முதல் தரமாய்ப் புறப்பட்ட சரக்கும், தகரக் கொட்டகைக் கிடங்கில் சித்திரை வெய்யிலிலும் ஐப்பசி மழையிலும் கிடந்தால் பெயர் மாறாமலே வீரியம் மாறிப்போகும். அன்றியும், குழந்தைகளுக்குக் கொடுக்கும் தூள் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கோட்டுக்கு மேல் தண்ணீர் விடுகின்றார்கள், ஒரு வீட்டில் கீழே விடுகின்றார்கள். கலக்கினபின் இத்தனை நாளைக்குத்தான் என்று புட்டியில் போட்டிருப்பதை மறந்து, மீதியை அடுத்த காய்ச்சலுக்கு என்று அலமாரியில் வைக்கின்றார்கள். அளப்பதோ வீட்டுக் கரண்டியில். கம்பெனிக்குக் கம்பெனி உள்ள வித்தியாசத்தைவிடக் கரண்டிக்குக் கரண்டி உள்ள வித்தியாசம் பெரிதாயிருக்கும்போது, பெயருக்காக நான்கு கடை ஏறி இறங்கியது வீண் சிரமமல்லவா?

வீரியம் குறைந்த மருந்தினால் காய்ச்சல் இரண்டு நாள் கூட இருக்கும், அவ்வளவுதானே என்று யாரும் அலட்சியமாய் நினைக்க வேண்டாம். அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பின கிருமி சும்மா இருப்பதில்லை. அந்த மருந்தைத் தாங்கக் கூடியவையே மிஞ்சிப் பெருகுகின்றன. பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கே 1945இல் நோபல் பரிசு வாங்கிய இடத்தில் பேசியபோது இந்த அபாயத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அப்படி மிஞ்சின கிருமி ஏமாந்தவர் வீட்டோடு நிற்காது. தெருவுக்கும் வரும், ஊருக்கும் வரும். உயர்ந்த விலை கொடுத்து உயர்ந்த பெயர் வாங்கினவர் வீட்டுக்கும் வரும்.

பெயருக்குள் என்ன இருக்கின்றது என்று அறிய விரும்புகின்றவர்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். விற்பவர் ஒருவர், தயாரித்தவர் வேறொருவர் என்று பல அட்டைகளில் இருக்கும். இமாசலப் பிரதேசத்துப் பத்தி போன்ற ஊர்களில் ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்கு மாத்திரை செய்து கொடுக்கின்றது. ஒரே அடுப்பில் வெந்த சோற்றை நான்கு இலையில் வைத்து நான்கு விலை சொன்னால் நாம் சும்மா இருப்போமா? மலிவுச் சரக்கிலும் சூது உண்டு. கடைக்காரருக்கு மிக மலிவாய்க் கிடைத்த பெயரில்லாச் சரக்கின்மேல் பெயருள்ள சரக்கின் விலையை அச்சிட்டிருப்பதும் நடக்கின்றது. அந்த லாபம் நோயாளிக்கு வருவதில்லை.

டாக்டர்கள் மருந்தின் பெயரையே எழுத வேண்டும், கம்பெனிப் பெயர் எழுதக் கூடாது என்று தேசிய மருத்துவக் கமிஷன் 2023 ஆகஸ்டில் ஒரு விதி போட்டது. தரத்துக்கு ஜாமீன் இல்லாதபோது இதெப்படி முடியும் என்று டாக்டர்கள் சங்கத்தார் கூச்சல் போடவே, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே விதி நிறுத்தி வைக்கப்பட்டது. டாக்டர்கள் சொன்ன ஆட்சேபணையில் விஷயம் இல்லாமலில்லை. ஆனால் தரத்துக்கு ஜாமீன் இல்லை என்பது மெய்யானால், ஜாமீன் கேட்க வேண்டிய இடம் சர்க்கார் பரிசோதனைச் சாலையே ஒழிய, கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போகும் விளம்பரக் காகிதமல்ல. அந்தக் காகிதத்தோடு இனாம்களும் வருகின்றன என்பதும், அந்த இனாம்களைத் தொழில் செலவாகக் காட்டி வருமானவரியில் கழிக்க முடியாது என்று 2022இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று என்பதும் நாடறிந்த விஷயம்.

பெயரைப் பாராமல் சோதிப்பது நடைமுறையில் ஆகாது என்று சொல்லுகின்றவர்களுக்கு நம் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கின்றது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவதற்கென்று 1994இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வாங்கும் சரக்குகளிலிருந்து மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்து, குறியீடு மாத்திரம் போட்டுச் சோதனைச் சாலைக்கு அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்திற்று. சோதிக்கின்றவருக்கு அது பெரிய கம்பெனியா, சின்னக் கம்பெனியா என்று தெரியாது. தேறினால் ஆஸ்பத்திரிக்கு, தேறாவிட்டால் திரும்பிப் போக வேண்டியது. மற்ற மாகாணங்களும் இந்த முறையைப் பின்பற்றலாயின.

சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. கொயினாவில் கலப்படம் மிகுந்து போனதன்மேல் 1930இல் கர்னல் சோப்ரா தலைமையில் ஒரு கமிட்டி விசாரித்து, அதன் பயனாய் 1940இல் வந்த மருந்துச் சட்டத்தில் 26ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கின்றது. மருந்து வாங்கின எவரும், குறிப்பிட்ட கட்டணத்தைச் செலுத்தி, தாம் வாங்கின மருந்தைச் சர்க்கார் பரிசோதகரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட ரிப்போர்ட்டைப் பெறலாம். டாக்டர் பட்டமோ, வக்கீல் சிபாரிசோ இதற்கு வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கங்களும் இப்படிக் கேட்கலாம். ஆனால் கடைக்காரர் ஆறு மாத்திரையைக் கத்திரித்துக் கடிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகாது. பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டு கடையிலேயே தங்கிவிட்டிருக்கும். ஆகவே அட்டையோடு கேளுங்கள், ரசீது கேளுங்கள், இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். நாலு பேர் சேர்ந்தால் கட்டணம் பாரமாய் இருக்காது. அதே சட்டத்தின் 29ஆவது பிரிவில், இந்த ரிப்போர்ட்டைத் தன் சரக்குக்கு விளம்பரமாக உபயோகிக்கின்றவனுக்கு அபராதமும் விதித்திருக்கின்றார்கள்.